ஏழு நோட்டு, நாலு டப்பா

27 பிப்ரவரி 2024, செவ்வாய்

மார்கழி பிறந்த அன்றைக்குப் பிடித்த மழை தூத்துக்குடியை இரண்டே நாளில் முழுங்கியதே, அந்த வருஷம் முடிந்து இது அடுத்த வருஷம். தட்டுமேட்டில் ஓலை போட்டு மூடி வைத்திருந்த உப்பெல்லாம் கரைந்து கடலுக்கே திரும்பிப் போனது. பாத்தி வரப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் சைக்கிள் போனது. எங்கள் ஊர் முள்ளுத்தேரிக்கு நாலு நாள் பாதை கிடையாது. இப்போதுதான் வரப்பு கட்டி, பாத்தி மிதித்து, முதல் உப்பு பூத்திருக்கிறது. சினிமாவில் நடிக்கிற ஒருத்தர் புதிதாகக் கட்சி தொடங்கியிருக்கிறார். டீக்கடையில் அதுதான் பேச்சு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லுவது கொம்பையா, உப்பளத்துக் காவல்காரன், வயது எழுபத்துநாலு. எழுதுவது என் மகள் பிரம்மசக்தி, எட்டாவது வரை படித்தவள். நான் சொல்லுகிறதை அவள் புத்தகத் தமிழில் மாற்றி எழுதுகிறாள். யாராவது பேசினதைச் சொன்னால் அதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

எழுதச் சொன்னவன் அந்தோணிப்பிச்சை. என்னோடு நாற்பது வருஷம் உப்பு வாரினவன். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை பெரியாஸ்பத்திரியில் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறான். "நீ வாயால சொன்னா கெழவன் ஒளறுதாம்னு போயிருவாவ. தேதி போட்டு எழுதி வையி. அப்பத்தான் மனுவுல நிக்கும்" என்றான்.

மனு எதற்கு என்றால், என் மகளின் காலுக்கு. இரண்டு மாதமாக வீங்குகிறது. காலையில் முகமும் வீங்குகிறது. அந்தோணிக்கும் முதலில் இப்படித்தான் வீங்கியது.

முள்ளுத்தேரியில் சர்க்கரைக்காரர்கள் ஏழு பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரி எட்டு மைல். சர்க்கரை நாள் செவ்வாய், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. அளத்தில் வேலை மூன்று மணி இருட்டில் தொடங்கி பதினொன்றுக்கு முடியும். போனால் அன்றைக்கு வேலை இல்லை. எனக்கு முட்டு போய்க் காவலுக்கு மாறினதால் பகலில் சும்மா இருந்தேன். எனக்குச் சர்க்கரையும் கிடையாது. அதனால் பத்து வருஷமாக ஏழு பேர் நோட்டையும் நான்தான் சைக்கிளில் கொண்டுபோய் மாத்திரை வாங்கி வந்தேன். எழுத்து தெரியாததால் ஒவ்வொரு அட்டையிலும் ஓர் அடையாளம். ஒன்றில் பித்தான், ஒன்றில் சிவப்பு நூல், அந்தோணியுடையதில் மாதா படம். ஒரு மாத்திரை ஒரு நாளும் ஆள் மாறினதில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெபக்கனி சிஸ்டர் ஏழு நோட்டிலும் ஏதோ எழுதிக் கொடுப்பாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்டதில்லை. இப்போது மகள் படித்துச் சொல்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் "யூரின்: நில்" என்று இருக்கிறதாம். ஒன்றுமில்லை என்று அர்த்தமாம்.

யாருடைய யூரினை இவள் எப்போது பார்த்தாள்?

5 மார்ச், செவ்வாய்

மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து வருஷத்தில் அவள் தன் நோட்டோடு தானே போனது இதுதான் முதல் தடவை.

சிஸ்டர் அவள் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"ஏன் தாத்தா, இத்தன நாளா இந்தப் புள்ளயக் கூட்டிட்டு வரல?"

"நீங்க கேக்கலியே."

"கேக்கலியா? மொத வருசம் ரெண்டு தடவ சொன்னேன். ஒவ்வொரு வாட்டியுமா சொல்லிட்டு இருப்பாவ? பின்னால பாருங்க, எத்தன பேரு நிக்காவன்னு."

திரும்பிப் பார்த்தேன். வராந்தா தாண்டி வேப்பமரம் வரை நின்றார்கள். சொன்னது உண்மைதான். இரண்டு தடவை சொன்னாள். ஒன்று மாசி, இன்னொன்று ஆனி.

டாக்டர் புதுசு. போன மாதம் வந்தவராம். இந்தப் பத்து வருஷத்தில் எனக்குத் தெரிந்து பதினோராவது ஆள். நோட்டைப் புரட்டினார்.

"யூரின்ல ஒண்ணும் இல்லையேம்மா. நின்னு வேல பாக்குறதால வீங்கும். உப்பக் கொறைங்க."

"சரி சார்" என்றாள் மகள். "நாளைலேருந்து கொஞ்சமா வாருதேன்."

அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கு இருந்த முட்டுவலிக்கும் சேர்த்து வலி மாத்திரை எழுதிவிட்டார்.

யூரின் பாருங்கள் என்று நான் நின்றேன். பார்க்கிற பட்டை தீர்ந்துபோயிற்றாம். லேப்புக்கு ஆள் நாலு வருஷமாக இல்லை. சிஸ்டர் லேப் ரூமைக் காட்டினாள், பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே கொசுமருந்து டின்னும் உடைந்த நாற்காலியும்.

"பாக்கலன்னு சொல்லாதிய தாத்தா" என்றாள் சிஸ்டர். "ரெண்டாயிரத்து இருவத்திரெண்டு அக்டோபர்ல உங்க கையிலதான நாலு டப்பா குடுத்து விட்டேன்? மறுநா கொண்டாந்தியள்லா? அப்ப லேப்புக்கு பக்கத்து ஆஸ்பத்திரிலேருந்து வாரத்துக்கு ஒரு நா ஆளு வந்துட்டு இருந்தாவ. நாலும் நார்மல். ரிஜிஸ்டர்ல சீலோட இருக்கு."

டப்பா விஷயம் இங்கே எதற்கு. அதை எழுதாதே என்றேன். எழுதாதே என்று சொன்னதையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறாள்.

9 மார்ச், சனி

வீக்கம் வடியவில்லை. உப்பு வாரப் போனாள்.

17 மார்ச், ஞாயிறு

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்று இருந்தேன். நேற்றுத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்களாம். இனி ஓட்டு எண்ணி முடிகிற வரை திங்கள்கிழமை மனு வாங்க மாட்டார்களாம். வாசலில் பெட்டி வைத்திருக்கிறார்கள், அதில் போட்டுவிட்டுப் போகலாம் என்று தவசிமுத்து சொன்னார். அவர் எங்கள் அளத்துக் கணக்கப்பிள்ளை, டவுனில் வீடு.

ஓட்டுக் கேட்க மூன்று மாதம் எல்லாவனும் முள்ளுத்தேரிக்கு வருவான். அந்த மூன்று மாதமும் நாங்கள் ஒன்றும் கேட்கக் கூடாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நல்ல மூளைக்காரன்.

21 மார்ச், வியாழன்

யார் எழுதிக் கொடுத்தும் போகவில்லை. நாங்களாகவே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை. ஒன்றுக்கு விட டப்பா கொடுத்தார்கள். மகள் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்து மேசையில் வைத்தாள். அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வரிசையில் தவசிமுத்து நின்றார். அவருக்கும் சர்க்கரை. என் மகளுக்குக் கண்டுபிடித்த அதே வருஷம்தான் அவருக்கும். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் முதலாளி வீட்டம்மாள் பாகற்காய் கொடுத்து விட்டாள்.

"என்ன அண்ணாச்சி, இங்கன நிக்கிய?"

"புள்ளைக்குக் கால் வீங்குது. ஒங்களுக்கு வீங்கலியா?"

"எனக்கு எதுக்கு வீங்குது? மூணு மாசத்துக்கு ஒருக்கா யூரின் பாப்பாவ அண்ணாச்சி, எங்க தெருவுக்குப் பின்னாலயே ஆஸ்பத்திரி இருக்கு. ஆறு வருசம் முந்தி லேசா புரதம் போவுதுன்னாவ. ஒடனே ஒரு மாத்திர போட்டாவ. அப்பிடியே நிக்கி. நீங்க அங்கன பாக்கலியா?"

நாங்கள் அங்கன பார்க்கவில்லை.

அவர் மேல் எனக்கு என்ன கோபம். நல்ல மனுஷன். வரிசையில் எங்களை முன்னால் விட்டார். ஆனாலும் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு வார் சதையில் பதியாமல் லேசாகக் கிடந்தது. ஒரே அளம், ஒரே சர்க்கரை. அவர் தெருவுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி இருக்கிறது, எங்கள் தெருவுக்குப் பின்னால் கடல் இருக்கிறது. அதுதான் வித்தியாசம். இதற்கு யார் சட்டையைப் பிடிப்பது?

28 மார்ச், வியாழன்

ரிசல்ட் வந்தது. சிறுநீரகத்துக்கென்று இருக்கிற டாக்டரம்மா பார்த்தார். முடி நரைத்தவர், மெதுவாகப் பேசினார். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறதாம். புரதம் நிறையப் போகிறதாம்.

"இது சர்க்கரையால வந்திருந்தா மெதுவா வரும்மா. மொதல்ல கொஞ்சமாப் புரதம் போகும், அப்புறம் நெறைய, அதுக்கப்புறந்தான் வீக்கம். வருஷக் கணக்கா ஆகும். ஆனா ஒங்க நோட்டுல ஒண்ணர வருஷத்துக்கு முந்தி சுத்தமா ஒண்ணுமே இல்லன்னு லேப் சீலோட இருக்கு. இவ்வளவு வேகமாப் போகுதுன்னா வேற ஏதோ வியாதி. முதுகு வழியா ஊசி விட்டு, கிட்னில ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துட்டுத்தான் மருந்து தொடங்கணும்."

திங்கள் எட்டாம் தேதி படுக்க வேண்டும். அதில் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்களாம்.

பஸ்ஸை விட்டு இறங்குகிறபோது மகள், "ஊசி பெருசா இருக்குமாப்பா?" என்று கேட்டாள். முப்பத்தொன்பது வயது அவளுக்கு.

எனக்குத் தலை சுற்றியது. வெயில்.

3 ஏப்ரல், புதன்

அந்தோணி வீட்டுக்குப் போனேன். நேற்று மிஷினில் படுத்து வந்தவன், வெளுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தான். தண்ணீரை மூடியில் அளந்து குடிக்கிறான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவாம். தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் வைத்திருந்தான்.

"எழுதுதியாடே?"

"எழுதுதேன்."

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

மகளுக்குத் திங்கள்கிழமை ஊசி என்று சொன்னேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்தி ஒன்றுமில்லை என்று இருந்ததால் டாக்டரம்மா வேறு வியாதியைத் தேடுகிறார் என்றேன். அவன் ஐஸைத் துப்பினான்.

"கொம்பையா, அந்த நாலு டப்பால ஒண்ணு என் பேருக்கு வந்துச்சுல்லா?"

"வந்துச்சு."

"நான் ஒனக்கு ஒண்ணுக்கு தரவே இல்லியேடே."

நான் குனிந்து அவன் துப்பின ஐஸைத் துடைத்தேன்.

"நோட்டுல நார்மல்னு வந்தப்பவே தெரியும். நம்மளக் கேக்காம நம்ம ஒண்ணுக்கு எப்பிடி ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு யோசிச்சேன். ஒன்னோடதத்தான் ஊத்தியிருக்க." கட்டில் ஆடுகிற மாதிரி சிரித்தான். "ஒனக்கு ரொம்ப நல்ல ஒண்ணுக்குடே. நாலு பேரச் சுகமாக்கிட்டு."

"ஏன்டே அப்பவே கேக்கல?"

"கேட்டு? நார்மல்னு சொன்னா யாருக்குக் கசக்கும்? நானும் சந்தோசமாத்தான் இருந்தேன். நம்ம ரெண்டு பேருமே முட்டாப் பயலுவ. ஆனா அவ முட்டாள் இல்ல. அவகிட்ட சொல்லு. ஊசிக்கு முந்திச் சொல்லு. அதுக்குத்தான் ஒன்ன எழுதச் சொன்னேன்."

இதை மகளிடம் சொல்லி எழுத வைக்கவில்லை. பின்னால் சொன்னேன், பின்னால் எழுதினாள். தேதி மட்டும் சரி.

14 ஏப்ரல், ஞாயிறு, சித்திரை முதல் நாள்

ஒரு வாரமாக எழுதவில்லை. அவள் பேனாவைத் தொடவில்லை.

எட்டாம் தேதி காலையில் பெரியாஸ்பத்திரியில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துக் காகிதத்தை நர்ஸ் கொண்டுவந்தாள். மகள் பேனாவைத் திறந்தாள். நான் அந்தக் காகிதத்தின் மேல் கையை வைத்தேன்.

சொன்னது இதுதான்.

2022 புரட்டாசியில் ஒரு முகாம் வண்டி அளத்து வாசலுக்கே வந்து எல்லோருக்கும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தது. எழுதின எண் எல்லாம் பெரிசு பெரிசாக இருந்தது. யூரின் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏழு பேரில் மூன்று பேர் அதற்கு முந்தியே போய்விட்டார்கள். மிச்சம் நாலு. சிஸ்டர் என் கையில் நாலு டப்பா கொடுத்தாள். மறுநாள் காலையில் நிரப்பிக் கொண்டுவா என்றாள்.

எங்கள் அளத்தில் பெண்பிள்ளைகளுக்கு மறைவிடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திதான். அதனால் இருட்டில் வீட்டை விட்டுப் போகிறவர்கள் பதினொரு மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை. அடக்கிக்கொண்டே உப்பு வாருவார்கள். அதைப் பற்றி ஒருத்தி வாய் திறந்து பேச மாட்டாள். நாங்களும் கேட்டதில்லை. அப்படி இருக்கிற இடத்தில் நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சந்தனமாரி வீட்டு வாசலில் போய், "இதுல ஒண்ணுக்குப் போய்க் குடு" என்று எப்படிக் கேட்பேன்? அவள் என் தங்கச்சி முறை. பெற்ற மகளிடம் எப்படிக் கேட்பேன்? அதைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு டீக்கடை வழியாக எப்படிப் போவேன்? வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்றும் பயம். பெண்களிடம் கேட்காதபோது அந்தோணியிடம் மட்டும் என்னவென்று கேட்பது?

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கருவேலங்காட்டில் நின்று நாலு டப்பாவையும் நானே நிரப்பினேன். ஒரே தடவையில் முடியவில்லை. பம்பில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நாலாவதை நிரப்பினேன். மகள் சக்தியினுடையது நாலாவது.

மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்:

"எங்கிட்ட கேக்க வேண்டாம்ப்பா. அம்மாட்ட கேட்டிருந்தா அவ ஊத்திக் குடுத்திருப்பால்லா. ஒனக்கு எதுதான் குடுக்கல அவ."

என் வீட்டுக்காரி சொர்ணம். நாலு டப்பாவில் ஒன்று அவள் பேருக்கு. மழை பிடித்த நாலாம் நாள் மூச்சுத் திணறி, நெஞ்சுவரை வீங்கி, பாதை இல்லாததால் கதவைக் கழற்றிப் படுக்க வைத்து ஆறு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் இறக்கினோம். வெள்ளம் கொண்டுபோனதாக இந்த நோட்டின் தொடக்கத்தில் நான் சொன்னதில் அவள் பேர் இல்லை என்று மகள் காட்டுகிறாள். படித்தும் காட்டினாள்.

டாக்டரம்மாவிடம் நான்தான் சொன்னேன். வார்டில் எல்லோரும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்தப் பழைய நோட்டை வாங்கி அக்டோபர் பக்கத்தை மறுபடி பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குத்தான் முகம் சிவந்தது.

"பெரியவரே, இங்க பாருங்க. முகாம்ல ரத்தத்துல சர்க்கரை எரநூத்தித் தொண்ணூறு. ஒரு வாரத்துல பார்த்த யூரின்ல சர்க்கரையும் நில். அது நடக்கவே நடக்காது. படிச்சவன் எவன் பார்த்தாலும் ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், இது இந்தப் பொண்ணோடது இல்லன்னு. நானே பார்க்காம விட்டிருக்கேன்."

படித்தவர்கள் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். லேப்காரன் பார்த்தான். சிஸ்டர் பார்த்தாள். மூன்று டாக்டர் பார்த்தார்கள். நான் ஒருத்தன்தான் எழுத்து தெரியாதவன்.

பிறகு மகளின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். சர்க்கரை கண்ணையும் தொட்டிருக்கிறது. அப்படியானால் சிறுநீரகமும் சர்க்கரையால்தான், பத்து வருஷமாக மெல்ல மெல்லத்தான் போயிருக்கிறது என்று சொல்லி ஊசி வேண்டாம் என்றுவிட்டார். மருந்து அன்றைக்கே தொடங்கினார். தவசிமுத்து ஆறு வருஷமாகப் போடுகிற அதே மாத்திரையும் அதில் இருக்கிறது. வலி மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. மிச்சமிருக்கிற மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்தால் மிஷின் இல்லாமல் பல வருஷம் ஓட்டலாம் என்றார். பிடித்து வைக்க மாதாமாதம் பார்க்க வேண்டும்.

மாதாமாதம் யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது? மனுவில் அதுதான் வேண்டும்.

19 ஏப்ரல், வெள்ளி

ஓட்டுப் போட்டேன். விரலில் மை வைக்க முள்ளுத்தேரிக்கே வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீடு விடாமல் பேர் வைத்திருந்தார்கள். நடக்க முடியாத அந்தோணிக்கு வண்டி வந்தது.

மிஷினுக்குப் போக ஒரு நாளும் வண்டி வந்ததில்லை.

2 மே, வியாழன்

அக்னி வெயில் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் பாத்தி கொதிக்கிறது. மகள் அளத்துக்குப் போகவில்லை. வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்து கூடை பின்னுகிறாள். வீக்கம் கணுக்கால் வரை இறங்கியிருக்கிறது. என்னோடு பேசுகிறாள். ஆனால் சாப்பாடு போட்டுவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விடுகிறாள்.

13 மே, திங்கள்

அந்தோணி செத்துப்போனான். வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டான், மிஷினுக்குப் போகவில்லை. ஞாயிறு மாலையிலிருந்து மூச்சுத் திணறல். அவன் சாவுக்கு மாதா கோயில் மணி அடிக்கிறபோது நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

10 ஜூன், திங்கள்

ஓட்டு எண்ணி முடித்து, கலெக்டர் ஆபீசில் மறுபடி மனு வாங்குகிறார்கள். மகள் எழுதினாள். முள்ளுத்தேரிக்கு மாதம் ஒரு நாள் லேப் ஆள் வர வேண்டும், அளம் முடிகிற பதினொரு மணிக்கு வர வேண்டும், அளத்தில் பெண்களுக்கு மறைவிடம் கட்டித் தர வேண்டும். இப்போது முள்ளுத்தேரியில் புதிதாக வந்தவர்களையும் சேர்த்துச் சர்க்கரைக்காரர்கள் இருபத்தாறு பேர். என் மகளைத் தவிர யாருக்கும் யூரின் பார்த்ததில்லை. டப்பா கதையையும் எழுது என்று நான்தான் சொன்னேன்.

"வேண்டாம்ப்பா, ஒன் மேலயே திருப்பிருவாவ" என்றாள்.

"திருப்பட்டும். எழுதுட்டி."

கைநாட்டு வைத்தேன்.

25 ஜூன், செவ்வாய்

ஆஸ்பத்திரியில் விசாரணை. மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி, கூட எழுதுகிற ஒருத்தர். லேப் ரூமைத் திறந்து கொசுமருந்து டின்னை வெளியே எடுத்துவிட்டு, அதற்குள்ளேயே மேசை போட்டிருந்தார்கள். ஜெபக்கனி சிஸ்டர் ஓரமாக நின்றாள். மகள் வாசலில், எனக்கு நேர் எதிரே நின்றாள்.

"யூரின மாத்திக் குடுத்தது நீங்கதானா பெரியவரே?"

"நாந்தான்."

"இவ்வளவு பெரிய தப்ப நீங்க பண்ணிட்டு, ஆஸ்பத்திரி மேல மனு குடுத்தா எப்படி?"

நான் சத்தம் போடவில்லை.

"என் தப்ப மொதல்ல எழுதுங்க சார். பெருசா எழுதுங்க. நான் கைநாட்டு வைக்கேன். எழுதிட்டு அதுக்குக் கீழ எடம் விடுங்க. நான் ஊத்துனது ஒரே ஒரு தடவ. அதுக்கு முந்தியும் பொறவும் பக்கத்துக்குப் பக்கம் டப்பாவே குடுக்காம நில்லுன்னு எழுதியிருக்கே, அது யாரு ஒண்ணுக்கு? எரநூத்தித் தொண்ணூறு சர்க்கரை உள்ளவளுக்கு யூரின்ல ஒரு சொட்டுச் சர்க்கரை இல்லன்னு சீல் குத்துனது யாரு? எனக்கு எழுத்து தெரியாது. ஒங்க எல்லாருக்கும் தெரியும்லா."

"நாலு வருசமா லேப்புக்கு ஆளு கேட்டு எழுதிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றாள் சிஸ்டர். "ஒருத்தி என்ன செய்வேன்? மேல கணக்கு அனுப்பணும், கட்டம் காலியா இருந்தா மெமோ. அதனாலதான் போட்டேன்."

"அவ சொல்லுததையும் எழுதுங்க" என்றேன். "அந்த லெட்டரெல்லாம் எந்த பீரோவுல கெடக்குன்னு தேடி எடுங்க. அவள மட்டும் புடிச்சுட்டு மத்தவன விட்டுராதிய."

அதிகாரி ரிஜிஸ்டரைப் பிரித்தார். ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு, அவரே நம்பாத மாதிரி படித்தார்.

"முள்ளுத்தேரி, பழைய பதிவு ஏழு பேர். ஏழு பேரும் மாத்திரையில இருக்காங்க. போன மாசம்... ஏழு பேருக்கும் கட்டுப்பாட்டில் உள்ளதுன்னு இருக்கே."

சிஸ்டர் தரையைப் பார்த்தாள்.

"ஏழு பேரா?" என்று கேட்டேன்.

"ஏழுன்னுதான் இருக்கு."

"எழுதுதவருகிட்ட பேனாவ எடுக்கச் சொல்லுங்க. நான் சொல்லுதேன்."

அவர் பேனாவை எடுத்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"மாடத்தி. பழைய ரூவா செல்லாதுன்னு சொன்ன வருசம், கார்த்திகை பத்து. கால எடுத்தாவ, புண்ணு ஆறல. பரமசிவம். பஸ் ஓடாம கெடந்துச்சே, அந்த வைகாசி, பதினாறு. பாடையக் கொண்டுபோவ ஊரடங்குல சீட்டு வாங்கினோம். லூர்தம்மாள். ரெண்டாவது கொரோனா, சித்திரை இருவத்தொம்போது. கொரோனாவுக்கு முந்தியே அவளுக்கு முகம் வீங்கியிருந்துச்சு."

பேனா ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி தடுக்கவில்லை.

"இனி என் டப்பாக்காரவிய. சந்தனமாரி, போன வருசம் ஆடிப் பதினெட்டு. அன்னிக்குக் காலைலகூட உப்பு வாருனா. சொர்ணம், என் வீட்டுக்காரி, மார்கழி நாலு. அந்தோணிப்பிச்சை, போன மாசம் பதிமூணாந் தேதி."

"ஆறு ஆச்சு" என்றார் எழுதுகிறவர். "ஏழாவது?"

"பிரம்மசக்தி."

எழுதினார். எழுதிவிட்டு, பேனாவைத் தூக்காமல், என் முகத்தைப் பார்த்தார்.

"தேதி?"

"தேதி கெடையாது. அந்தக் கட்டத்த காலியாவே விடுங்க. பேர மட்டும் எழுதுங்க. கொம்பையா மக பிரம்மசக்தி. இருக்கா."